பாட்டாவின் வேட்டைத் துப்பாக்கி என்ன விலை பெறும்?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றின் மச்சில் நீளமான ஒரு தோல் உறை கிடப்பதுண்டு. உள்ளே இருப்பது பாட்டா காலத்து வேட்டைத் துப்பாக்கி. பாட்டா கண்ணை மூடியதும் பேச்சு கிளம்பும். "வெள்ளைக்காரன் செய்தது, லட்சக்கணக்கில் போகும்" என்பார் ஒருவர். "பழைய இரும்பு, எடைக்குப் போடு" என்பார் இன்னொருவர். இருவரும் விஷயம் தெரியாமல் பேசுகிறார்கள்.

பெயரும் எண்ணும்

குழலின் மேல் வெட்டியிருக்கும் பெயரை முதலில் பார்க்க வேண்டும். லண்டனின் ரிக்பி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பர்மிங்ஹாமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற பெயர்களுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் பெயரை யாரும் போலியாக வெட்டிவிடலாம். ஆகவே தொடர் எண்ணையும், லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரையையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனிகளிடம் பழைய விற்பனைப் பேரேடுகள் உள்ளன. எண்ணைக் கொண்டு துப்பாக்கியின் வயதையும் அதை முதலில் வாங்கியவர் யார் என்பதையும் அறிய முடியும்.

ஆதாரம் எவ்வளவு பெரிது என்பதற்கு ஜிம் கார்பெட்டின் ரைபிள் நல்ல சாட்சி. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக, ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹெவெட் அவருக்கு ஒரு ரிக்பி .275 ரைபிளைப் பரிசளித்தார். அந்தச் செய்தியைப் பொறித்த வெள்ளித் தகடு அதன் கட்டையில் பதிந்திருக்கிறது. 2015இல் ரிக்பி கம்பெனியே அதைத் திரும்பப் பெற்றது. அதே ரகத்தில் ரைபிள்கள் பல உண்டு; அந்தத் தகடு உள்ளது ஒன்றுதான். நம் பாட்டாவும் புலி சுட்டிருக்கலாம். கடிதமோ படமோ இல்லாவிட்டால் அந்தக் கதைக்குக் காசு பெயராது.

உப்புத் தாளைத் தொடாதீர்

அடுத்தது குழலின் உட்புறம். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று ஆண்டுக்கு இரண்டு மழை கொட்டும் நாடு இது. கடல் காற்றும் சேர்ந்துகொள்ளும். எண்ணெய் காணாத குழலில் துரு அரித்துக் குழி விழுந்தால் மதிப்பு சரியும். அதைவிடக் கேடு, விற்பதற்காக உப்புத் தாள் போட்டுத் தேய்த்துப் புதுசாக்குவது. பழைய மெருகும் சித்திர வேலையும் போன பிறகு, தெரிந்தவர் பாதி விலைகூடக் கேட்கமாட்டார்.

தோட்டா கிடைக்கிறதா என்பதும் விலையை மாற்றும். 1980களின் நடுவில் தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி நின்றதால் வெளிநாட்டுச் சரக்குக்குக் கிராக்கி ஏறியது. ஆனால் 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒருவருக்கு மூன்று என்றிருந்த வரம்பை இரண்டாகக் குறைத்தது. பரம்பரைச் சொத்துக்கும் இதே கணக்குத்தான். வாங்கும் கைகள் குறைந்துவிட்டன. லண்டன் ஏல விலையைக் கேட்டு மனக்கோட்டை கட்டுவது வீண்.

காகிதம்தான் முதல் விலை

மேலே சொன்ன எல்லாம் லைசென்ஸ் இருந்தால்தான். லைசென்ஸ் இல்லாமல் சாதாரண ரகத் துப்பாக்கியை வைத்திருந்தாலும் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. "பாட்டா பெயரில் இருக்கிறதே" என்ற சமாதானம் எடுபடாது. அந்த லைசென்ஸ் பாட்டாவோடு முடிந்தது. தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஒப்படைத்ததால் சொத்து போய்விடாது. வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் வாங்கி மீட்கலாம். அல்லது லைசென்ஸ் உள்ளவருக்கு விற்றுப் பணம் பெறலாம். விதித்த காலத்துக்குள் இரண்டில் ஒன்றும் செய்யாவிட்டால் துப்பாக்கி சர்க்காருக்குச் சேரும்.

பாட்டா உயிரோடு இருக்கும்போதே வழி உண்டு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, எழுபது வயதானவரோ, இருபத்தைந்து ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தவரோ, தம் வாரிசு ஒருவருக்கு அதை மாற்றித்தர மனுச் செய்யலாம். பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அது சுடுமா சுடாதா என்பதை நாமே தீர்மானித்துக்கொள்வது ஆபத்து.

எல்லைக்காரருக்கு ஒரு சொல்

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு போயிற்று. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தகப்பன் பாறசாலையிலும் மகன் மார்த்தாண்டத்திலும் இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ! களியக்காவிளை தாண்டிப் பலாப்பழம் கொண்டுபோவதுபோல் துப்பாக்கியைக் கொண்டுபோக முடியாது. எந்தப் பகுதி வரை செல்லும் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். மார்த்தாண்டத்து மகன் லைசென்ஸுக்கு மனுக் கொடுக்க வேண்டிய இடம் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்.

ஆகவே, மச்சில் துப்பாக்கி இருந்தால் முதலில் தேடவேண்டியது விலை சொல்பவரை அல்ல. பாட்டாவின் லைசென்ஸ் புத்தகத்தை. அது பெட்டியில் பத்திரமாக இருந்தால் துப்பாக்கி சொத்து. இல்லையேல் இன்றே போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுப்பதே நல்லது.