மிஸ்ஸி வேலைக்கு மனுப் போடும் முன்

தோட்டத்துப் பெற்றோர்களே! "நான் மிஸ்ஸியாகப் போறேன்" என்று உங்கள் பிள்ளை சொன்னால் சந்தோஷப்படுங்கள். ஆனால் ஆசை மட்டும் போதாது. அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு இடம் கொஞ்சம். மனுப் போடுவோர் ஏராளம்.

முதலில் பாடம். எஸ்.பி.எம். தேர்வில் போதிய கிரெடிட்டுகள் வேண்டும். மலாய்மொழி, கணிதம், அறிவியல் பாடங்கள் அதில் முக்கியம். ஆங்கிலத்தில் தேர்ச்சியாவது பெற்றிருக்க வேண்டும். எனவே படிவம் 4-லேயே பாதி காரியம் முடிவாகி விடுகிறது. "கணக்கு வரலை"ன்னு பிள்ளை ஒதுங்கினால், "சரி, போகட்டும்"னு விட்டுடாதீங்க.

அடுத்தது பத்திரம். இந்த இடங்கள் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான். சிவப்பு அடையாளக் கார்டு உள்ள பிள்ளைக்குக் கதவு திறக்காது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாளக் கார்டில் வேறு எழுத்து என்றிருந்தாலும் தொல்லைதான். இப்போதே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள். கடைசி நாளில் ஓடினால் ஆகாது.

மனு இன்று இணையத்தில்தான். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டால், மலாயில் தடுமாறாமல் பேசப் பிள்ளையைப் பழக்குங்கள்.

அரசாங்க இடம் கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரிகள் உண்டு. டிப்ளோமா 3 வருடப் படிப்பு. ஆனால் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறி, 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்தால்தான் மிஸ்ஸி. ஆகவே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்தக் கல்லூரியின் படிப்பை வாரியம் ஏற்றிருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வேலை கிடைக்காது; கடன்தான் மிஞ்சும்.

பிள்ளைக்குப் படிப்பு, பத்திரத்துக்கு நீங்கள். இரண்டும் சேர்ந்தால் லயத்திலிருந்தும் மிஸ்ஸி வருவாள்.