மழைக்காலத்தில் ஈரக் கையோடு தொட்டால் ஷாக் அடிப்பது ஏன்? எம்சிபி இருந்தும் உயிர் போவது எப்படி?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தாழ்வாக இருக்கும் சிதம்பரம், அண்ணாமலை நகர் பகுதிகளில் வீட்டுச் சுவரும் தரையும் ஈரம் காயவே நாளாகும். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை கடலூர் மாவட்ட மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

புயல் வராத ஆண்டிலும் மழைக்காலத்தில் மின்விபத்துச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் பல வீடுகளில், "எம்சிபி போட்டிருக்கோம்ல, ஷாக் அடிச்சா அதுவே ஆஃப் ஆயிடும்" என்று நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். இது உண்மையா? பதில் தெரிய, பள்ளியில் படித்த சர்க்யூட் பாடத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கணும்.

சர்க்யூட் என்றால் என்ன?

மின்சாரம் ஓட, போக ஒரு வழியும் திரும்பி வர ஒரு வழியும் வேண்டும். இந்த முழுச் சுற்றுதான் சர்க்யூட். வீட்டில் ஃபேஸ் ஒயர் வழியாக வரும் கரண்ட், பல்பைக் கடந்து, நியூட்ரல் ஒயர் வழியாகத் திரும்புகிறது. சுவிட்ச் என்பது இந்தச் சுற்றை நடுவில் வெட்டும் கதவு.

சுவிட்ச் எப்போதும் ஃபேஸ் ஒயரில்தான் இருக்க வேண்டும். மாற்றி நியூட்ரலில் கொடுத்துவிட்டால், சுவிட்சை ஆஃப் செய்தாலும் லைட் மட்டும்தான் அணையும். ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். பல்பு மாற்றும்போது ஷாக் அடிக்க இதுவும் ஒரு காரணம்.

வோல்ட், ஆம்பியர், ஓம்: எளிமையாக

மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தள்ளும் அழுத்தம்தான் வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு ஆம்பியர். குழாய் குறுகலாக இருந்து தடுப்பது ஓம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். இதுதான் ஓம் விதி.

ஷாக் எப்படி அடிக்கிறது?

மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்காவுக்கு ஏன் ஷாக் அடிப்பதில்லை? அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருப்பதால், கரண்ட் அதன் உடல் வழியாக வேறு எங்கும் போக வழியில்லை. சுற்று முழுமையாகவில்லை.

மனிதர்கள் விஷயம் வேறு. டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கும். அதனால் தரையில் நின்றுகொண்டு ஃபேஸைத் தொட்டால், கை வழியாக நுழையும் கரண்ட் கால், தரை, மண் என்று போய் சுற்றை முடித்துவிடும்.

காய்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம்களுக்கு மேல் இருக்கும். நனைந்துவிட்டால் உடலின் தடை சுமார் 1,000 ஓம் வரை இறங்கிவிடலாம். 230 வோல்ட்டை 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே தசை இறுகி, பிடித்த கையை எடுக்க முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நெஞ்சு வழியாகத் தொடர்ந்து பாய்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். ஒரு 9 வாட் எல்இடி பல்பு எரிய சுமார் 40 மில்லி ஆம்பியர் தேவை. அந்தச் சின்ன பல்புக்குப் போகும் கரண்டே உயிருக்கு ஆபத்தான அளவுதான்.

அப்போ எம்சிபி என்ன செய்யும்?

எம்சிபியும் ஃபியூஸும் காப்பது ஒயரை, ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி, அந்த அளவைத் தாண்டி கரண்ட் போனால்தான் டிரிப் ஆகும். உடலில் பாயும் 0.23 ஆம்பியர் அதில் எழுபதில் ஒரு பங்குதான். எம்சிபிக்கு அது இன்னொரு லைட் எரிவது மாதிரித்தான் தெரியும்.

ஆளைக் காப்பாற்ற இருப்பது ஆர்சிசிபி. ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்சிசிபி என்றால், அவ்வளவு கரண்ட் வேறு வழியில் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் சப்ளையைத் துண்டித்துவிடும். ஆனால் ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று தொட்டால் கசிவு எதுவும் இருக்காது. அப்போது இதுவும் காப்பாற்றாது.

எர்த் ஒயர் எதற்கு என்றால், ஃபிரிட்ஜ், கிரைண்டர் மாதிரி இரும்பு உடம்பு உள்ள பொருட்களில் கசியும் கரண்டுக்கு மண்ணுக்குப் போக எளிதான பாதை கொடுக்கத்தான். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிட்டுச் செருகினால் அந்தப் பாதை அறுந்துபோகும்.

ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எத்தனை?

பல்கலைக்கழகத்தைச் சுற்றி ரூம் எடுத்துத் தங்கும் மாணவர்கள் இதைக் கவனிக்கணும். வீட்டு வயரிங் பேரலல் இணைப்பு. எல்லாப் பொருளுக்கும் அதே 230 வோல்ட் கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றும் இழுக்கும் கரண்ட் கூடிக்கொண்டே போகும்.

1,500 வாட் கெட்டில் சுமார் 6.5 ஆம்பியர், 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்பியர். சேர்த்தால் கிட்டத்தட்ட 11 ஆம்பியர். சுவரில் இருக்கும் சின்ன சாக்கெட் தாங்குவதோ 6 ஆம்பியர்தான். எம்சிபி 16 ஆம்பியராக இருந்தால் அது டிரிப் ஆகாது. பாக்ஸும் ஒயரும் சூடாகி உருகும்.

என்ன செய்யணும்?

* மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். உடனே ஆஃப் ஆகவில்லை என்றால் மாற்ற வேண்டும்.
* வாட்டர் ஹீட்டர் ராடை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றிய பிறகே தண்ணீரில் கை வையுங்கள்.
* துணி காயப்போடும் கொடிக்கு இரும்புக் கம்பி வேண்டாம். சர்வீஸ் ஒயர் உரசினால் கம்பி முழுக்க கரண்ட் பாயும். நைலான் கயிறு போதும்.
* வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று தெரிந்தால், வருவதற்கு முன்பே மெயினை ஆஃப் செய்யுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு மெயினைத் தொடாதீர்கள்.
* யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரை விலக்கிவிட்டு 108-ஐ அழையுங்கள்.
* அறுந்து கிடக்கும் கம்பி பக்கமே போகாதீர்கள். "கரண்ட் போயிடுச்சு" என்பதை நம்பி எடுத்துப் போடவும் வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குத் தகவல் சொல்லுங்கள். 24 மணி நேரமும் அழைக்கலாம்.