செயலிகளை ஒப்பிடும் முறை



நல்லதற்கும் தீயதற்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிது. இரண்டு நல்லவற்றுக்கு இடையே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் அரிது. மாட்டுச் சந்தைக்குச் செல்லும் உழவர் பல்லைப் பார்ப்பார், திமிலைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார். ஆயினும் இவற்றையெல்லாம் பார்ப்பதற்கு முன்னரே, தமக்கு வேண்டிய மாடு ஏருக்கா, வண்டிக்கா என்பதை அவர் முடிவு செய்திருப்பார். அம்முடிவு இல்லாதவர் தரகர் காட்டிய மாட்டைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவார். கணிப்பொறிக்கு உயர்தரச் செயலி ஒன்றை வாங்க முற்படுவோர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். அதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

நான் ஓய்வு பெற்ற பின்னரும் பழைய மாணவர்களும் அவர்தம் பிள்ளைகளும் என்னைக் காண வருவதுண்டு. கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்குக் கணிப்பொறி வாங்க வேண்டும். இந்தச் செயலி நல்லதா, அந்தச் செயலி நல்லதா என்று கேட்பார்கள். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் எழுதி வாங்கிய விலைப்பட்டியல் அவர்கள் கையில் இருக்கும். அந்தப் பணம் பெரும்பாலும் ஒரு குடும்பம் பல மாதங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். சில வேளைகளில் நகையை அடகு வைத்துப் பெற்ற பணம். ஒப்பீடு தவறுமானால் இழப்பு அக்குடும்பத்துக்கே. ஆகவே இதனை விளையாட்டாகக் கருதிவிடலாகாது.

மேசைக் கணிப்பொறிகளுக்கு உயர்தரச் செயலிகளை ஆக்கி அளிப்பதில் நெடுங்காலமாகப் போட்டியிடும் நிறுவனங்கள் இரண்டு. ஒன்று, 1968 ஆம் ஆண்டில் ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் என்னும் இருவர் தொடங்கிய இன்டெல். மற்றொன்று, அதற்கு அடுத்த ஆண்டில் தோன்றிய ஏ.எம்.டி. இரண்டையும் தொடங்கியவர்கள் முன்னர் ஃபேர்சைல்ட் என்னும் ஒரே நிறுவனத்தில் பணிபுரிந்தவர்கள். இவ்விரு நிறுவனங்களின் செயலிகளும் ஏறத்தாழ ஒரே கட்டளை மொழியை அறிந்தவை. 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிறு கணிப்பொறிக்கு இன்டெலின் செயலியை ஏற்றபோது, அதே செயலியை ஆக்கித் தர இரண்டாவது நிறுவனம் ஒன்றும் வேண்டும் என வற்புறுத்தியது. அந்த இடத்தை ஏ.எம்.டி. பெற்றது. 2003 இல் ஏ.எம்.டி. அம்மொழியை 64 பிட் அளவுக்கு விரிவாக்கியது. அவ்விரிவை இன்டெலும் அடுத்த ஆண்டே ஏற்றுக்கொண்டது. ஒரே பாடத்தை ஒரே மொழியில் பயின்ற இரு மாணவர்க்கு ஒரே வினாத்தாளைக் கொடுத்துத் தேர்வு நடத்தலாம் அன்றோ? இவ்விரண்டு செயலிகளையும் அவ்வாறே ஒரே வேலையைக் கொடுத்துச் சோதிக்கலாம்.

எடுத்துக்காட்டாக, 2024 ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு உயர்தரச் செயலிகளைக் கொள்வோம். ஒன்று ஆகஸ்டு மாதத்தில் வந்த ஏ.எம்.டி.யின் ரைசன் 9 9950எக்ஸ். மற்றொன்று அக்டோபரில் வந்த இன்டெலின் கோர் அல்ட்ரா 9 285கே. கணிக்கும் வேலையைச் செய்யும் சில்லுப் பகுதியை இரண்டுக்குமே செய்து தருவது தைவானைச் சேர்ந்த டி.எஸ்.எம்.சி. ஆலைதான். இரண்டின் உச்ச வேகமும் 5.7 கிகாஹெர்ட்ஸ். அப்படியாயின் வேறுபாடு எங்கே உள்ளது? படிப்படியாகக் காண்போம்.

முதலாவது, வேகம். கிகாஹெர்ட்ஸ் என்பது செயலி ஒரு நொடியில் எத்தனை நூறு கோடி முறை துடிக்கின்றது என்பதைக் குறிக்கும் அளவு. துடிப்பு மிகுந்தால் வேலையும் மிகும் என்று பலர் எண்ணுகின்றனர். தந்தையும் சிறுவனும் சேர்ந்து நடப்பதைப் பாருங்கள். சிறுவன் விரைவாக அடியெடுத்து வைக்கின்றான். தந்தையோ நிதானமாக, ஆனால் நீண்ட அடி வைக்கின்றார். அடிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு யார் முந்துவார் என்று கூற இயலுமா? ஓர் அடியின் நீளமும் தெரிய வேண்டும். செயலியில் இந்நீளம் என்பது ஒரு துடிப்பில் முடியும் வேலையின் அளவாகும்.

இதற்கு வரலாறே சான்று. 2000 ஆம் ஆண்டில் வந்த பென்டியம் 4, துடிப்பின் எண்ணிக்கையை உயர்த்துவதையே குறிக்கோளாகக் கொண்டு அமைந்தது. வேலையைப் பல நுண்ணிய படிகளாகப் பிரித்ததால் துடிப்பு மிகுந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் முடியும் வேலை குறைந்தது. 2001 இல் ஏ.எம்.டி. தன் செயலியொன்றுக்கு 1800+ என்று பெயரிட்டது. அதன் உண்மையான துடிப்போ 1.53 கிகாஹெர்ட்ஸ். துடிப்பு குறைவாயினும் வேலையில் குறைவில்லை என்று உணர்த்தவே அப்பெயர். பென்டியம் 4 ஆனது 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வளர்ந்து, வெப்பம் மிகுந்து, அதற்கு மேல் ஏற முடியாமல் நின்றது. 2006 இல் இன்டெலே கோர் 2 டுவோ என்னும் செயலியை, குறைந்த துடிப்பும் நீண்ட அடியும் உடையதாகச் செய்து, தன் பழைய செயலியை வென்றது. நம் எடுத்துக்காட்டில் இரண்டின் துடிப்பும் ஒன்றே. ஆதலால் அந்த எண் நமக்கு எந்த வழியையும் காட்டவில்லை.

இரண்டாவது, கோர்களின் எண்ணிக்கை. கோர் என்பது செயலிக்குள் தனித்து இயங்கவல்ல ஒரு கணிப்பகுதி. ரைசனில் 16 கோர்கள். ஒவ்வொன்றும் ஒரே வேளையில் இரண்டு வேலைத் தொடர்களை ஏற்கும். ஆக 32 தொடர்கள். இன்டெலில் 24 கோர்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர். அவற்றுள்ளும் 8 மட்டுமே முழு ஆற்றல் உடையவை. எஞ்சிய 16 சிக்கனமாக இயங்கும் சிறிய கோர்கள். ஆகவே 24 என்பது 16 ஐ விடப் பெரிது என்று கணக்கிடுவது, பெரியவர்களையும் சிறுவர்களையும் ஒன்றாக எண்ணிக் கூலி போடுவது போன்றது.

மற்றொரு நுட்பமும் உண்டு. கலியாணச் சமையலில் காய் நறுக்கப் பத்துப் பேர் இருந்தால் வேலை விரைவில் முடியும். ஆனால் உலையிலிட்ட அரிசி தனக்குரிய நேரத்தில்தான் வேகும். பத்துப் பேர் சூழ்ந்து நின்றாலும் அது விரைந்து வேகாது. இக்கருத்தை 1967 இல் ஜீன் ஆம்டால் என்னும் பொறியறிஞர் எடுத்துக்காட்டினார். அது இன்று அவர் பெயரால் விதியாக வழங்குகின்றது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரே கோரில் 10 மணி நேரம் பிடிக்கும் வேலை ஒன்று இருக்கின்றது. அதில் 1 மணி நேர வேலையைப் பிரிக்கவே இயலாது. 9 மணி நேர வேலையைச் சமமாகப் பகிரலாம். ஒத்த கோர்கள் 16 இருந்தால் 1 மணி 34 நிமிடத்தில் அது முடியும். 24 இருந்தாலோ 1 மணி 22½ நிமிடம். கோர்களை ஒன்றரை மடங்காக்கியும் நமக்கு மிஞ்சியது 11 நிமிடமே. பிரிக்கக்கூடிய பங்கு இன்னும் குறைந்தால் இந்த ஆதாயமும் சுருங்கிவிடும்.

மூன்றாவது, அண்மை நினைவகம். இதனைக் கேச் என்பர். ஒளி ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் செல்வது நீங்கள் அறிந்ததே. 5.7 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒருமுறை துடிக்கும் நேரத்தில் அவ்வொளி செல்வதோ 5 சென்டிமீட்டரைச் சற்றே கடந்த தொலைவுதான். செயலிக்கு வெளியே உள்ள ரேம் நினைவகத்திலிருந்து ஒரு செய்தியைப் பெறுவதற்குள் சில நூறு துடிப்புகள் கழிந்துவிடும். அதுவரை அச்செய்தியை நம்பியுள்ள வேலை காத்து நிற்கும். எழுதும்போது ஐயம் எழுந்தால், அகராதி மேசைமீதே இருப்பதற்கும் நூல்நிலையத்துக்கு நடந்து செல்வதற்கும் எவ்வளவு வேறுபாடு! அடிக்கடி வேண்டிய செய்திகளைச் செயலிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் மேசைதான் கேச். இன்டெல் செயலியில் கோர்கள் பகிர்ந்துகொள்ளும் கேச் 36 மெகாபைட். ரைசனில் 64 மெகாபைட். 2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி என்னும் செயலிக்கு 8 கோர்களே உண்டு. ஆனால் கேச் 96 மெகாபைட். கணிப்பொறி விளையாட்டுகளுள் பெரும்பாலானவற்றில், மேற்சொன்ன இரண்டு பெரிய செயலிகளையும் அது முந்தியது. படம் தீட்டுதல் போன்ற, பல கோர்களுக்குப் பிரிக்கத்தக்க வேலைகளிலோ பின்தங்கியது. எது சிறந்தது என்னும் வினாவுக்கு எதற்கு என்பதையும் சேர்க்காமல் விடை கூற இயலாது என்பது இதனால் விளங்கும்.

நான்காவது, மின்சாரமும் வெப்பமும். இங்கே விளம்பர எண்கள் நம்மை எளிதில் ஏமாற்றும். ரைசனுக்கு 170 வாட் என்று குறித்திருக்கும்; இன்டெலுக்கு 125 வாட் என்றும் 250 வாட் என்றும் இரண்டு எண்கள் உண்டு. 125 ஐயும் 170 ஐயும் ஒப்பிட்டால் இன்டெல் சிக்கனமானதாகத் தோன்றும். 250 ஐயும் 170 ஐயும் ஒப்பிட்டால் ரைசன் சிக்கனமானதாகத் தோன்றும். இரண்டும் முறையான ஒப்பீடல்ல. 125 என்பது அடிப்படை வேகத்துக்குரிய அளவு. 250 என்பது உச்ச எல்லை. 170 என்பது வெப்பத்தை அகற்றும் ஏற்பாட்டுக்குரிய அளவு, முழுச் சுமையில் அச்செயலி அதனினும் மிகுதியாக எடுத்துக்கொள்ளும். முழத்தால் அளந்ததையும் கெஜத்தால் அளந்ததையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடலாமா? ஒரே வேலையைக் கொடுத்து மீட்டர் வைத்து அளந்தவர்களின் கணக்கையே கொள்ளுதல் வேண்டும். 250 வாட் இழுக்கும் செயலி நான்கு மணி நேரத்தில் ஒரு யூனிட் செலவழிக்கும். அன்றியும் துடிப்பை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருக்கும். இரண்டையும் நூற்றுக்குப் பத்து உயர்த்தினால் மின்செலவு நூற்றுக்கு முப்பத்து மூன்று உயரும். சித்திரை வெயிலில், குளிர்சாதனம் இல்லாத அறையில் வைக்கும் கணிப்பொறிக்கு இது சிறிய செய்தியன்று.

ஐந்தாவது, செயலியைச் சுற்றியுள்ளவை. செயலி தனியே இயங்காது. அதற்கேற்ற மதர்போர்டு, ரேம், குளிர்விப்பான் அனைத்தும் வேண்டும். 2022 இல் ஏ.எம்.டி. கொணர்ந்த ஏ.எம்.5 என்னும் பொருத்துவாயில் 2024 இன் செயலியும் பொருந்தியது. 285கே செயலிக்கோ இன்டெலின் முந்தைய மதர்போர்டு பயன்படவில்லை. ஆகவே விலையை ஒப்பிடும்போது தொகுதி முழுவதன் விலையையே ஒப்பிடுங்கள். உத்தரவாதமும் முக்கியம். இன்டெலின் 13, 14 ஆம் தலைமுறை உயர்தரச் செயலிகள் சில, மிகையான மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. 2024 இல் அந்நிறுவனம் இதனை ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஆகவே, வந்த நாளிலேயே வாங்காமல் சில மாதம் பொறுத்திருப்பதும் ஓர் அறிவுடைமையே.

இனி, சோதனை முடிவுகளைப் படிக்கும் முறையைச் சொல்லுகின்றேன். இரண்டு செயலிகளுக்கும் ஒத்த வேகமுடைய ரேம், ஒரே கிராஃபிக்ஸ் கார்டு, தக்க குளிர்விப்பான் அளிக்கப்பட்டனவா? சோதனை பலமுறை நடத்தப்பட்டதா? செய்த வேலை எது? இவற்றைக் கேளுங்கள். விற்பவரே வெளியிட்ட முடிவைத் தனியே நம்பாது, தொடர்பற்ற இருவர் மூவர் முடிவுகளுடன் ஒத்துப் பாருங்கள். வரைபடத்தில் கோடு பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றதா என்பதையும் நோக்குங்கள். 95 இலிருந்து தொடங்கும் படத்தில் நூற்றுக்கு மூன்று வேறுபாடும் மலையளவாகத் தோன்றும்.

அண்மையில் பழைய மாணவர் ஒருவர், கட்டடக்கலை பயிலும் தம் மகளுடன் வந்தார். மேலே கூறிய இரண்டு செயலிகளுள் எதை வாங்குவது என்பது அவர்கள் வினா. “அம்மா, உன் கல்லூரிக் கணிப்பொறியில் உன் வேலையையே ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொண்டு வா” என்றேன். செயலியின் உழைப்பைக் காட்டும் டாஸ்க் மானேஜர் போன்ற கருவி கணிப்பொறிகளில் உண்டு. அப்பெண் நாள்தோறும் குறித்துவந்தாள். “ஐயா, படம் வரையும்போது ஒரு கோர்தான் மும்முரமாக இயங்குகிறது. வண்ணம் ஏற்றும் வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டு செய்துவிடுகிறது. ரேம் மட்டும் 16 ஜிகாபைட்டும் நிறைந்துவிடுகிறது, அப்போதுதான் எல்லாம் தடுமாறுகிறது” என்றாள். விடை அவள் குறிப்பேட்டிலேயே இருந்தது. நடுத்தரச் செயலி ஒன்றையும் 32 ஜிகாபைட் ரேமையும் அவர்கள் வாங்கினார்கள். மிஞ்சிய பணம் அடுத்த பருவக் கட்டணத்துக்கு உதவிற்று. நாள்தோறும் பெரிய மென்பொருள்களைத் தொகுப்பவருக்கோ பல மணி நேரப் படச்சுருளைச் சுருக்குபவருக்கோ இதே விடை பொருந்தாது. அவர்க்குப் பல கோர் உடைய உயர்தரச் செயலி கொடுத்த விலைக்கு ஈடுசெய்யும்.

மாணவர்களே, நான் கூறிய செயலிகளுக்குப் பின் புதியவை வரும், எண்கள் மாறும். ஆயினும் முறை மாறாது. முதலில் உங்கள் வேலையை அளந்தறியுங்கள். பின்னர் அவ்வேலையில் இரண்டும் எவ்வாறு நடந்தன என்று பாருங்கள். அதன் பின்னர் தொகுதியின் முழு விலை, மின்செலவு, உத்தரவாதம் ஆகியவற்றைக் கூட்டிக் கழியுங்கள். வேறுபாடு நூற்றுக்கு ஐந்துக்குள் அடங்குமானால், விலை குறைந்ததை அமைதியாக வாங்கிக்கொண்டு படிப்பில் கருத்தைச் செலுத்துங்கள். பெயரைக் கண்டு மயங்காமல், அளந்து பார்த்து முடிவு செய்யும் பழக்கம் இவ்வொரு பொருளோடு நிற்பதன்று. நாளை நீங்கள் எடுக்கவிருக்கும் பெரிய முடிவுகளுக்கெல்லாம் அது துணை நிற்கும்.