தறிக்குழிக்குள் தண்ணீர்... மழைக்கு முன்னால் நாமே சரிசெய்யலாமா? ஆரணி வீடுகளுக்கு ஒரு கையேடு!

அமெரிக்கா, கனடா பக்கம் வீடு கட்டினால் தரைக்குக் கீழே ஒரு பேஸ்மென்ட் இருப்பது சகஜம். குளிர்காலத்தில் மண் உறைந்து போகும் ஊர்கள் அவை. உறையும் ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரம் போக வேண்டும். தோண்டியதுதான் தோண்டினோம், அதையே ஓர் அறையாக்கிவிடலாமே என்று தொடங்கிய பழக்கம் அது. விடுமுறை நாள்களில் குடும்பமே சேர்ந்து அந்த அறையைப் பூசி, தளம் போட்டு அழகாக்குவது அங்கே பெரிய பொழுதுபோக்கு.

நம் ஊரில் பனி இல்லை, அதனால் பேஸ்மென்ட்டும் இல்லை என்று நினைப்போம். ஆனால், திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியின் நெசவாளர் தெருக்களில் வீட்டுக்குள்ளேயே தரைக்குக் கீழே ஓர் இடம் உண்டு. தறிக்குழி! ஆரணி, தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் என இந்த வட்டாரத்தில் குழித்தறி இருக்கும் வீடுகளில், கூடத்தையோ முன்னறையையோ பெரும்பாலும் தறிதான் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் குழி வெறும் பள்ளம் இல்லை. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு உருவாகிற இடம். வீட்டுச் சோறு வருகிற இடமும் அதுதான்.

மழைக்காலத்தில் முதலில் தண்ணீர் நிற்கும் இடமும் அதுவே என்பதுதான் சிக்கல்.

ஆர்டர் வரும் நேரத்தில் மழையும் வரும்!

குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை இயக்குவார். குழி பொதுவாக இரண்டரை அடி முதல் மூன்று அடி ஆழம் இருக்கும். அதில் அரை அடி தண்ணீர் நின்றாலே மிதி நனைந்துவிடும், கால் வைக்க முடியாது. தறி நின்றுவிடும்.

கூலி புடவைக் கணக்கில்தான். நெய்யாத நாளுக்குக் கூலி இல்லை. தீபாவளிக்கும் தை மாத முகூர்த்தங்களுக்கும் புடவை நெய்து முடிக்க வேண்டிய ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிறது. 2024 நவம்பர் 30-ம் தேதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், திருவண்ணாமலை மாவட்டத்தையும் உலுக்கிவிட்டுத்தான் போனது. புயல் வரை போக வேண்டாம். நான்கு நாள் அடைமழை போதும், குழியில் ஊற்று எடுக்க. மீனவர்களுக்குத் தடைக்கால நிவாரணம் தருவதுபோல தங்களுக்கும் மழைக்கால நிவாரணம் வேண்டும் என்று நெசவாளர்கள் கேட்பது இதனால்தான்.

தண்ணீர் நிற்காவிட்டாலும் ஈரம் தன் வேலையைக் காட்டும். பட்டு, காற்றிலிருக்கும் ஈரத்தைச் சுலபமாக உறிஞ்சும் இழை. ஈரம் ஏறினால் பாவின் இழுவிசை மாறும்; புடவையின் அடர்த்தி ஒரே சீராக வராது. ஜக்கார்டு அட்டைகள் ஊறி உப்பும். வெள்ளி ஜரிகை மெல்ல கறுக்கும். நாள் முழுக்க ஈரக் குழிக்குள் கால் வைத்திருப்பவருக்குச் சேற்றுப்புண் வரும். இந்தியாவில் கைத்தறித் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதை 2019-20-ல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆக, சமையலறைக்கும் தறிக்கும் நடுவே ஓடும் பெண்களின் உடம்புதான் இதில் அதிகம் அடிவாங்குகிறது.

முதலில் கண்டுபிடியுங்கள்... தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பேஸ்மென்ட்டை அழகாக்குபவர்களுக்கு அங்கே சொல்லித் தரும் முதல் பாடம், 'உலர்த்திய பிறகு பூசு' என்பது. தறிக்குழிக்கும் அதுவே பாடம். காரணம் தெரியாமல் சிமெண்ட் பூசினால் அடுத்த மழையில் பூச்சு பெயர்ந்து கையோடு வரும்.

இதற்குச் செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஒன்றரை அடி சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, குழியின் சுவரில் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

ஷீட்டின் வெளிப்பக்கம், அதாவது நாம் பார்க்கிற பக்கம் நீர்த்துளி இருந்தால், அது காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பாதி சரியாகிவிடும். ஷீட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஈரம் இருந்தால் மண்ணிலிருந்து நீர் கசிகிறது. அதற்குத்தான் பூச்சு வேலை தேவை. சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருப்பதும் இதே கசிவின் அடையாளம்தான்.

இரண்டும் இல்லாமல் குழியின் அடியிலிருந்து தெளிந்த நீர் ஊறி ஊறி வருகிறதா? வீட்டுக் கிணற்றில் நீர்மட்டம் ஏறும்போது குழியிலும் ஏறுகிறதா? அப்படியானால் அது நிலத்தடி நீர். அதை வெறும் பூச்சால் மட்டும் ஜெயிப்பது கஷ்டம். அதற்கான வழியைப் பிறகு பார்ப்போம்.

குழிக்கு வெளியே தொடங்குங்கள்!

பல வீடுகளில் பிரச்னை குழியில் இல்லை, வாசலில் இருக்கிறது. தெருவில் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு வீடு தாழ்ந்துபோயிருக்கும். கூரைத் தண்ணீர் சரியாகத் தறி இருக்கும் சுவரின் அடியிலேயே விழும். குளியலறைத் தண்ணீர் அதே பக்கம் ஓடும்.

கூரை ஓரத்தில் ஒரு பி.வி.சி தகரவாரம் மாட்டி, தண்ணீரைக் குழாய் வழியே சுவரிலிருந்து தள்ளி விடுங்கள். சுவரை ஒட்டிய மண்ணை வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக அமையுங்கள். பத்தடி தூரத்துக்கு அரையடி சரிவு என்பது நல்ல கணக்கு. இடம் குறைவாக இருந்தால், முடிந்த அளவு சரிவாவது கொடுங்கள். கசியும் குழாய் இருந்தால் மாற்றுங்கள். இந்த மூன்றையும் செய்துவிட்டு ஒரு மழை பாருங்கள். சில வீடுகளில் இதோடு வேலை முடிந்துவிடும்.

குழியைப் பூசுவது எப்படி?

சித்திரை, வைகாசியில் செய்வது நல்லது. நிலத்தடி நீர் கீழே இருக்கும், மண்ணும் காய்ந்திருக்கும். ஒரு பாவு நெய்து முடித்து, அடுத்த பாவு பிணைப்பதற்கு முன்னால் கிடைக்கும் இடைவெளியைப் பயன்படுத்துங்கள். அச்சு, விழுது, ஜக்கார்டு எல்லாவற்றையும் துணியும் பிளாஸ்டிக்கும் போட்டு மூடிவிடுங்கள். சிமெண்ட் தூசு பட்டுக்கு எதிரி.

*1. அளவு எடுங்கள்:* பூசினால் குழியின் ஆழமும் அகலமும் குறையும். மிதி கட்டியிருக்கும் உயரம், உட்காரும் இடத்திலிருந்து அடிவரை உள்ள ஆழம் இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம் மாறினாலும் முழங்காலுக்குத் தெரியும். தேவைப்பட்டால் பூசும் கனத்துக்கு ஏற்ப அடியைச் செதுக்கிக்கொள்ளலாம்.

*2. சுரண்டுங்கள்:* பெயர்ந்த பூச்சு, உப்பு, பாசி எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். விரிசலை மேலாக மூடாமல், உளியால் கொஞ்சம் அகலப்படுத்தி உள்ளே வரை கலவையை அடையுங்கள்.

*3. பூசுங்கள்:* ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல். அதோடு நீர்க்கசிவைத் தடுக்கும் வாட்டர்ப்ரூஃப் திரவம். அளவு டப்பாவிலேயே போட்டிருக்கும். சுவரை நனைத்துவிட்டுப் பூசுங்கள். சுவரும் அடித்தளமும் சேரும் மூலைதான் கசிவின் வாசல். அதைக் கூராக விடாமல் வளைவாக இழுத்துப் பூசுங்கள். வெறும் மண் சுவராக இருந்தால் நேராகப் பூச்சு நிற்காது. முதலில் செங்கல் வைத்துக் கட்ட வேண்டும். அதற்குக் கொத்தனாரைக் கூப்பிடுவதே நல்லது.

*4. சரிவு கொடுங்கள்:* அடித்தளத்தை ஒரு மூலை நோக்கிச் சாய்த்து, அங்கே ஒரு வாளி அளவுக்குச் சிறு பள்ளம் விடுங்கள். எப்படியாவது தண்ணீர் வந்தாலும் அங்கே சேரும், மொண்டு ஊற்றிவிடலாம். நெசவாளர் உட்காரும் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற பக்கங்களில் தறி ஓட்டத்துக்கு இடிக்காதபடி தாழ்வான ஒரு கரை கட்டினால், வீட்டுக்குள் நுழையும் தண்ணீர் குழியில் இறங்காது.

*5. ஏழு நாள் நனையுங்கள்:* பூச்சுக்குத் தினமும் தண்ணீர் காட்ட வேண்டும். தறி நிற்கிறதே என்று மூன்றாம் நாளே வேலையைத் தொடங்கினால், அந்த அவசரம் பிறகு விரிசலாகத் திரும்பி வரும்.

*6. மேல்பூச்சு:* சிமெண்ட்டும் பாலிமரும் கலந்த வாட்டர்ப்ரூஃப் கலவையை இரண்டு முறை அடியுங்கள். முதல் முறை மேலிருந்து கீழாக என்றால், இரண்டாவது முறை குறுக்காக. சாதாரண பெயின்ட் வேண்டாம். மண் பக்கமிருந்து நீர் தள்ளும்போது அது கொப்புளம் கொப்புளமாக உரிந்துவிடும்.

காய்ந்த குழியும் ஆகாது!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரியவர்கள் தறியைத் தரைக்குக் கீழே இறக்கியதில் காரணம் உண்டு. மண்ணின் குளிர்ச்சி பாவுக்கு லேசான ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்; இழை அறுவது குறையும். மண்ணைச் சிமெண்ட்டால் முழுக்க அடைத்த பிறகு அந்த ஈரம் கிடைக்காது. கோடையில் இழை மொறுமொறுப்பாகி அறுபடலாம். அப்போது குழிக்குள் ஓர் ஈரச்சாக்கு விரித்து வைப்பது பழைய வழி. முன்பு மண் தன் இஷ்டத்துக்குக் கொடுத்த ஈரத்தை இனி நீங்கள் தேவைக்கு ஏற்பக் கொடுக்கிறீர்கள்.

இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்!

எல்லாமே நாமே செய்கிற வேலை இல்லை.

குழிக்குள் தண்ணீர் நிற்கும்போது மெயின் சுவிட்சை அணைக்காமல் இறங்கவே கூடாது. ஜக்கார்டுக்கு மோட்டார் வைத்திருக்கும் வீடுகளில் ஒயர் தரையில் கிடக்கக் கூடாது. ஸ்விட்ச் போர்டு உயரத்தில் இருக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி கருவியை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள்.

வெளியே நீர்மட்டம் உயரமாக இருக்கும்போது நிரம்பிய குழியை மோட்டார் வைத்து ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். உள்ளே எதிர்ப்பு இல்லாததால் வெளியே இருக்கும் நீர், சுவரையும் தளத்தையும் தள்ளும். வெள்ளம் புகுந்த பேஸ்மென்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகவே இறைக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் அறிவுரை. மண் சுவர்க் குழிக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

வீட்டின் முக்கியச் சுவருக்குப் பக்கத்தில் குழியை ஆழப்படுத்தாதீர்கள். அஸ்திவாரம் ஆட்டம் கண்டுவிடும்.

தண்ணீரை வாரக் கணக்கில் விட்டுவைக்கவும் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். தறி ஓடாத நேரத்தில் குழியைப் பலகை போட்டு மூடிவிடுங்கள். குழந்தைகள் விழாமலும், தேள் பாம்பு ஒதுங்காமலும் இருக்கும்.

அடியில் ஊற்று எடுத்தால்?

நிலத்தடி நீரே ஏறி வரும் வீடுகளில் குழியோடு மல்லுக்கட்டுவதைவிட தறியை உயர்த்துவது புத்திசாலித்தனம். குழியின் ஆழத்தைப் பாதியாக்கி, மீதி உயரத்துக்குத் தரைக்கு மேலே மேடை கட்டி, அதில் உட்கார்ந்து நெய்வது ஒரு வழி. முழுவதும் தரைக்கு மேலேயே நிற்கும் சட்டத்தறிக்கு மாறுவது இன்னொரு வழி. இரண்டிலும் தறியை மறுபடி அமைக்க அனுபவசாலிகள் வேண்டும். கூரையின் உயரம் ஜக்கார்டுக்குப் போதுமா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தச் செலவை முழுக்கக் கையிலிருந்தே போட வேண்டியதில்லை. மத்திய அரசின் தேசியக் கைத்தறி மேம்பாட்டுத் திட்டத்தில், தறியும் உபகரணங்களும் வாங்க 90 சதவிகிதம் வரை உதவி வழங்கப்பட்டது. தனிநபர் தறிக்கூடம் கட்ட 1.20 லட்சம் ரூபாய் என அலகுத் தொகை வைத்து உதவி தரப்பட்டது. இதில் பெண் நெசவாளர்களுக்கு முழுத் தொகையும் கிடைக்க வழி இருந்தது. இப்போதைய விதிகளையும் தொகையையும் உங்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ, கைத்தறித் துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். தொழில்நுட்ப ஆலோசனைக்குக் காஞ்சிபுரத்தில் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. நெசவாளர் அடையாள அட்டை கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அது இல்லாமல் எந்த மனுவும் நகராது.

பூச்சு வேலைக்குத் தறி ஒரு வாரம், பத்து நாள் நிற்கும். வைகாசியில் நிற்கும் அந்த நாள்கள், ஐப்பசியில் எத்தனை நாள் தறி ஓடும் என்பதைத் தீர்மானிக்கும்.