வேர்ப்புழுவும் குடற்புழுவும்

நண்பகலில் பீன்ஸ் கொடி துவண்டு விழுவதும், மாலையில் மீண்டும் தலை நிமிர்வதும் மலைத் தோட்டங்களில் பலரும் கண்ட காட்சியாகும். மண்ணில் ஈரம் இருக்கும். இலையில் பூச்சி இராது. ஆயினும் செடி வளராது, காயும் சிறுத்துப் போகும். அத்தகைய செடியை இழுத்துப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டியெடுத்து, வேரை நீரில் அலசிப் பார்த்தால், அது முண்டு முண்டாக வீங்கியிருக்கக் காணலாம். இது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. இதைக் கேட்டதும் காய் விளைவிப்பவரும், அதை வாங்கி உண்ணும் நெசவாளர் குடும்பத்தாரும் ஒருசேர எழுப்பும் வினா ஒன்று உண்டு: புழு பிடித்த செடியின் காயை உண்டால் நம் வயிற்றிலும் புழு உண்டாகுமா?

உண்டாகாது. பயிரின் வேரில் வாழும் நூற்புழு மனித உடலில் வாழ வல்லதன்று. அதன் வாயில் ஊசி போன்ற உறுப்பு ஒன்று இருக்கிறது. அதனால் வேரின் உயிரணுக்களைக் குத்திச் சாற்றை உறிஞ்சுவதே அதன் பிழைப்பு. வேறு பிழைப்பு அதற்குத் தெரியாது. முண்டு விழுந்த காரட்டைக்கூடச் சீவிவிட்டு அச்சமின்றிச் சமைக்கலாம்; சந்தையில் விலை குறையுமே தவிர உடலுக்குக் கேடில்லை.

ஆயினும் இந்த விடையோடு நிறுத்திக் கொள்ள முடியாது. வேர்ப்புழுவுக்கு உறவுமுறையுள்ள வேறு சில புழுக்கள் அதே மண்ணில் காத்திருந்து மனிதரைப் பற்றுகின்றன. அன்றியும், வேர்ப்புழுவைக் கொல்ல நாம் இடும் நஞ்சு, அப்புழுவால் செய்ய முடியாத தீங்கை நமக்குச் செய்யக்கூடும். இவ்விரண்டையும் பிரித்தறிவது நம் உறுப்பினர்களுக்கு இன்றியமையாதது.

முதலில் வேர்ப்புழுவைப் பார்ப்போம். இந்தியாவில் இதனை முதலில் அறிவித்தவர் சென்னை அரசாங்கத்தின் தாவரவியல் அறிஞர் பார்பர் என்பவர். 1901-ல் நீலகிரியின் தேவாலாப் பகுதித் தேயிலை வேர்களில் கண்டார். 1961-ல் உதகமண்டலத்தில் ஜோன்ஸ் என்னும் அறிஞர் உருளைக்கிழங்கின் முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டறிந்தார். அது விதைக்கிழங்கோடும் ஒட்டிய மண்ணோடும் ஊர்விட்டு ஊர் செல்வதால், நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியேறுவதைத் தடுக்க 1971-ல் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. அதன் முட்டைக்கூடு பயிரே இல்லாத மண்ணிலும் பல்லாண்டு உயிரோடிருக்கும். விலை மலிவென்று எங்கிருந்தோ நாற்றும் விதைக்கிழங்கும் வாங்கி வருவோர் இதை நினைவில் கொள்ளுதல் நலம்.

வேர்முடிச்சுப் புழுவின் குஞ்சு அரை மில்லிமீட்டர் நீளமும் இராது. வேருக்குள் புகுந்து ஓரிடத்தில் தங்கி, பேரிக்காய் வடிவில் பருத்து, பசை போன்ற பையில் 200 முதல் 500 முட்டை வரை இடுகிறது. வெப்பமான மண்ணில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். குளிர்ந்த மலைமண்ணில் சற்றுத் தாமதமாகும். தக்காளி, கத்தரி, வெண்டை, பீன்ஸ், காரட் எல்லாம் அதற்கு விருந்தே. பீன்ஸ் வேரைப் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தழைச்சத்தைச் சேர்க்கும் நல்ல முடிச்சுகளும் அவ்வேரில் உண்டு. அவை வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் உதிரும். கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். புழுவின் முண்டோ வேரே பருத்தது, உதிராது. நன்மை செய்யும் முடிச்சைக் கண்டு மருந்து வாங்க ஓடுவது வீண் செலவாகும்.

இனி மனிதரைப் பற்றும் புழுக்கள். கொக்கிப்புழு, நாக்குப்பூச்சி, சாட்டைப்புழு ஆகிய மூன்றும் நூற்புழு இனமே. இவற்றுள் மலைவாழ் மக்கள் பெரிதும் அஞ்ச வேண்டியது கொக்கிப்புழு. அது காய்கறி வழியாக வருவதைவிடக் கால் வழியாகவே மிகுதியாக வருகிறது. நோயாளியின் மலம் மண்ணில் விழுந்தால், நிழலும் ஈரமும் மிதவெப்பமும் உள்ள இடத்தில் ஓரிரு நாளில் முட்டை பொரிந்து, ஐந்து முதல் பத்து நாட்களில் குஞ்சு மனிதத் தோலைத் துளைக்கும் பக்குவம் அடைகிறது. 1898-ல் கெய்ரோ நகரில் லூஸ் என்னும் அறிஞர் ஆய்வின்போது தம் கையில் குஞ்சுகள் இருந்த நீர் சிந்தியதால் இவ்வுண்மையைக் கண்டார். தோல் வழியே புகுந்த குஞ்சு இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் தங்கி இரத்தம் குடிக்கிறது. ஒரு புழு குடிப்பது சிறு துளியே. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் சோகை வந்து, மண்வெட்டி பிடிப்பவருக்கும் தறியில் அமர்பவருக்கும் உழைப்பின் வலிமை குன்றும்.

காப்பித் தோட்டத்தின் அடர்ந்த நிழலும், ஏற்காட்டு மழையும், மக்கிய இலைப் படுகையும் காப்பிக்கு எவ்வளவு உகந்தவையோ, இந்தக் குஞ்சுக்கும் அவ்வளவு உகந்தவை. நம் சேர்வராயன் மலையைப் போலவே மலையாளி மக்கள் வாழும் ஜவ்வாது மலையில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் அண்மை ஆண்டுகளில் குடற்புழு ஆய்வு நடத்தினர். அங்கும் முதலிடம் பெற்றது கொக்கிப்புழுவே. ஆகவே கழிப்பிடமும் காலணியும் இங்கே உரத்துக்கும் விதைக்கும் சமமான விவசாயத் தேவை எனலாம். களை பறிக்க வரும் பெண்களுக்குத் தோட்டத்திலேயே கழிப்பிடம் அமைப்பது தோட்டக்காரரின் பெருந்தன்மையைப் பொறுத்ததாக இருக்கலாகாது.

நாக்குப்பூச்சியின் வழி வேறு. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும்; தடித்த ஓடுள்ள அம்முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். பச்சை மலத்தை எருவாக இட்டாலும், சாக்கடை நீரைப் பாய்ச்சினாலும், கீரையிலும் கொத்தமல்லியிலும் அது ஒட்டிக் கொள்கிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரைக் கடக்கையில் எவ்வாறு மாறிப் போகிறது என்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். (சாயக் கழிவும் அதில் கலப்பதால் நெசவுத் தொழிலார் ஆற்றைப் பற்றிப் பேசும்போது சற்றே குரல் தாழ்வது இயல்பு.) பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாய்ச்சும் நீரில் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-ல் வரையறுத்தது. சாக்கடை கலந்த நீர் அந்த வரம்பில் நிற்குமென நம்ப இடமில்லை.

உப்பு நீரில் ஊற வைத்தால் முட்டை செத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. ஓடும் நீரில் நன்கு தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் அகலும். கொதிக்க வைத்தால் அழியும். இரட்டைக் குழிக் கழிப்பிடத்தில் நிரம்பிய குழியை மூடி 2 ஆண்டுகள் விட்டபின் எடுக்கும் உரமே வயலுக்கு ஏற்றது. 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு 2015 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வழங்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடாதிருக்க வேண்டும்.

நஞ்சின் கதை இதனினும் கசப்பானது. டிபிசிபி என்னும் நூற்புழுக் கொல்லியைத் தயாரித்த கலிபோர்னியாத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர்கள், தங்களுள் பலருக்குக் குழந்தை பிறக்காததைத் தமக்குள் பேசிக்கொண்டபோதே உண்மை வெளிப்பட்டது, அது 1977. அதே மாநிலத்தில் 1985-ல், தர்ப்பூசணிக்கு அனுமதிக்கப்படாத ஆல்டிகார்ப் மருந்தை இட்ட காயை உண்டு நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். நம் நாட்டில் போரேட் 2020 இறுதியோடு தடை செய்யப்பட்டது. எந்தப் பயிருக்கோ வாங்கிய குருணை மருந்து மீதியிருக்கிறதென்று கீரைப்பாத்தியில் தூவுவது, விரைவில் பறித்து உண்ணும் பயிரில் விஷத்தைக் கலப்பதே. வெறுங்கையால் தூவுவோருக்கு ஆபத்து அறுவடை வரைகூடக் காத்திராது.

குருணையின்றியும் வேர்ப்புழுவை அடக்கலாம். ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு அடியுரமாக இடலாம். பர்பூரியோசில்லியம் என்னும் பூஞ்சண மருந்து ஒரு கிலோவை மக்கிய தொழு உரத்தில் கலந்து இடலாம். அது புழுவின் முட்டையைத் தின்னும். வரப்போரத்தில் மட்டுமின்றி வயல் முழுவதும் ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி பயிரிட்டால் புழு குறையும். பூவும் விலை போகும். புழுவைத் தாங்கும் தக்காளி இரகங்களின் எதிர்ப்பாற்றல் மண்ணின் வெப்பம் 28 பாகைக்கு மேற்பட்டால் தளர்ந்துவிடும். ஆதலின் சமவெளியைவிட மலையில் அவற்றுக்கு வாய்ப்பு மிகுதி. மாறாக, கண்ணாடித்தாள் மூடி மண்ணை வெயிலில் சுட வைக்கும் முறை கோடையில் சேலத்துச் சமவெளியில் பலிக்கும் அளவுக்கு ஏற்காட்டில் பலிக்காது. அறுவடை முடிந்த வேர்களை வயலிலேயே விட்டுவிடாமல், தோண்டிச் சேர்த்து, உலர்த்தி எரிக்க வேண்டும். அடுத்த பயிருக்கான முட்டைகள் அவற்றில்தான் இருக்கின்றன.