பெயர் வழங்கியும் அதன் காவலும்

மக்கள் பெயர்களை எளிதில் நினைவிற் கொள்வர். கணிப்பொறிகளோ எண்களைக் கொண்டே ஒன்றையொன்று அறியும். இணையத்தில் ஒரு வங்கியின் பக்கத்தைக் காண விழைபவர் அதன் பெயரைத் தட்டெழுதுகின்றார். அப்பெயருக்குரிய எண்முகவரி தெரிந்தாலன்றி அவருடைய கணிப்பொறி அவ்விடத்தை அடைய இயலாது. பெயரைக் கூறி வினவினால் எண்ணை எடுத்துரைக்கும் அமைப்பே டி.என்.எஸ். எனப்படும்.

இணையத்தின் முன்னோடியாகிய அர்ப்பாநெட்டில் கணிப்பொறிகள் சிலவே இருந்தன. அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலாக, அமெரிக்க நாட்டின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்திற் பேணப்பட்டு வந்தன. கணிப்பொறிகள் பெருகவே, அப்பட்டியலைப் புதுப்பித்து அனைவருக்கும் வழங்குதல் அரிதாயிற்று. 1983 ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார், அப்பொறுப்பை உலகெங்கும் உள்ள பல வழங்கிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார். இன்றும் இணையம் அம்முறையையே பின்பற்றுகின்றது.

ஒரு பள்ளியில் நாற்பது கணிப்பொறிகள் உள்ளன எனக் கொள்வோம். அவை யாவும் தம் வினாக்களைப் பள்ளியின் டி.என்.எஸ். வழங்கியிடமே கேட்கும். அவ்வழங்கி தானே உலகின் பல வழங்கிகளை அணுகி விடை தேடலாம். அன்றி, மேலுள்ள பெரிய வழங்கி ஒன்றிடம் வினாவை ஒப்படைத்து விடையைப் பெற்றுத் தரலாம். இரண்டாவது முறைக்கு மேலனுப்புதல் என்று பெயர். பெற்ற விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்திருப்பதால், அடுத்து வினவுவோர்க்கு அது உடனே விடையளிக்கும்.

இதில் இடர் யாது? பழைய முறையில் வினாவும் விடையும் 53 என்னும் வாயில் எண்ணின் வழியே திறந்த நிலையிற் செல்லும். அஞ்சலட்டையில் எழுதிய செய்தியை வழியிலுள்ளோர் எவரும் படிக்கலாம் அன்றோ? அதுபோல, நாம் எப்பெயரை வினவினோம் என்பதை இடையில் இருப்போர் அறிந்துகொள்ளலாம். அதனினும் கொடியது பொய்விடை. ஒவ்வொரு வினாவிற்கும் உரிய அடையாள எண் 65,536 எண்களுள் ஒன்றேயாகும். அதனை ஊகித்துப் பொய்விடை புகுத்தும் விரைவான வழி உண்டு என்பதை 2008 ஆம் ஆண்டில் டான் காமின்ஸ்கி என்னும் அறிஞர் வெளிப்படுத்தினார். வழங்கி ஒரு முறை ஏமாந்தால், அப்பொய்யையே நினைவில் வைத்து, வினவுவோர் அனைவருக்கும் வழங்கும். வங்கியை நாடியவர் வஞ்சகரின் வாயிலிற் சென்று நிற்பார்.

இவ்விடரைக் களையும் வழிகளை இனிக் காண்போம். நெதர்லாந்து நாட்டில் உருவான அன்பவுண்ட் என்னும் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலாவது, வினாக்களை டி.எல்.எஸ். என்னும் மறையாக்கத்தின் வழி அனுப்புமாறு அமைத்தல் வேண்டும். 2016 ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட இம்முறைக்கு 853 என்னும் வாயில் எண் உரியது.

இரண்டாவது, மேல் வழங்கியின் எண்முகவரியோடு அதன் பெயரையும் எழுதுதல் வேண்டும். குவாட்9 என்னும் வழங்கியாயின் 9.9.9.9 என்பது அதன் எண். எண், சென்று சேர்வதற்கு. பெயர், சான்றிதழைச் சரிபார்ப்பதற்கு. நம்பத்தக்க சான்றிதழ்களின் தொகுப்பு எங்குள்ளது என்பதையும் குறித்தல் வேண்டும். பெயரைச் சரிபாராத மறையாக்கம், உறையிலிட்டு முத்திரை வைத்த கடிதத்தை முன்பின் அறியாதவனிடம் கொடுப்பதை ஒக்கும்.

மூன்றாவது, மறைவழி தடைப்பட்டால் திறந்த வழியை நாடாதவாறு அமைத்தல் வேண்டும். சேவை தடைப்படாதிருக்க மேல் வழங்கிகள் இரண்டைக் குறித்து வைத்தல் நன்று.

நான்காவது, டி.என்.எஸ்.செக் என்னும் கையொப்பச் சோதனையை இயக்குதல் வேண்டும். 2010 ஆம் ஆண்டு முதல் டி.என்.எஸ். அமைப்பின் வேர்ப்பகுதியே கையொப்பம் பெற்றுள்ளது. மறையாக்கம் வழியைக் காக்கும். கையொப்பம் விடையின் மெய்ம்மையைக் காட்டும். எனினும், எல்லாப் பெயர்களும் கையொப்பம் பெற்றவை அல்ல. வழங்கியின் கடிகாரம் பிழைபட்டால் சான்றிதழும் கையொப்பமும் காலங்கடந்தனவாகத் தோன்றக்கூடும்; ஆதலின் அதனைச் சரியாக வைத்தல் இன்றியமையாதது.

ஐந்தாவது, பள்ளியின் கணிப்பொறிகளுக்கு மட்டுமே வழங்கி விடையளித்தல் வேண்டும். 2013 ஆம் ஆண்டில் ஸ்பாம்ஹவுஸ் என்னும் நிறுவனத்தைத் தாக்கியோர், எவர்க்கும் விடையளிக்கும் திறந்த வழங்கிகளையே கருவியாகக் கொண்டனர். சிறு வினாவிற்குப் பெரிய விடைகள் பிறர் மீது வெள்ளமெனப் பாய்ந்தன. கதவைத் திறந்து வைத்தவர் தீங்கு கருதாதவரேயாயினும் தீங்கிற்குத் துணையாயினர்.

அமைத்தபின் சோதித்துப் பார்த்தலும் கடனாகும். வழங்கியிலிருந்து வெளியே 53 வழி எவ்வினாவும் செல்லாதிருத்தல் வேண்டும். சோதனைக்கென்றே பிழையான கையொப்பத்துடன் அமைக்கப்பெற்ற பெயரை வினவினால், வழங்கி விடைதர மறுத்தல் வேண்டும்.

இத்துணைக் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. வழியில் இருப்போர்க்கு மறைந்த வினாக்கள் மேல் வழங்கிக்கு மறைவன அல்ல. அஃது அனைத்தையும் அறியும். ஆதலின், தான் அறிந்தவற்றை அது எத்துணைக் காலம் வைத்திருக்கும், எவரிடம் பகிரும் என்பனவற்றை ஆராய்ந்தே தெரிவு செய்தல் வேண்டும். மறையாக்கம் நம்பிக்கையின் தேவையை நீக்குவதில்லை; யாரை நம்புவது என்பதை நாமே ஆராய்ந்து தெரிந்துகொள்ளும் உரிமையை நமக்கு அளிக்கின்றது. அவ்வுரிமையைக் கருத்துடன் ஆளுதல் நம் கடமையாகும்.