மூளையின் தொழிலைக் காட்டும் கதிர்கள்

சிதம்பரத்திற்குத் தெற்கே கொள்ளிடம் ஆற்றைக் கடந்து சென்றால் சீர்காழியை அடையலாம். அவ்வூரில் 1922-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் பி. இராமமூர்த்தி, 1950-ஆம் ஆண்டில் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். அந்நாளில் மூளைக்குள் இருக்கும் கட்டியைக் கண்டறிவது எளிதன்று. ஊடுகதிர்ப் படத்தில் மண்டையோடு தெரியும், மூளை தெரியாது. ஆகவே முதுகுத்தண்டின் வழியாக மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்திப் படம் பிடித்தனர். அதனால் நோயாளிக்கு உண்டாகும் தலைவலி மிகக் கொடியது.

1971-ஆம் ஆண்டில் இலண்டனில் சி.டி. ஸ்கேன் பிறந்தது, பின்னர் எம்.ஆர்.ஐ. வந்தது. இவை மூளையின் வடிவை நன்கு காட்டுகின்றன. ஆயினும் வடிவு வேறு, தொழில் வேறு. வீராணம் ஏரியிலிருந்து பிரியும் வாய்க்கால்களையெல்லாம் தாளில் வரைந்துவிட்டோம் என்று கொள்வோம். இன்று எந்த வயலுக்கு நீர் பாய்கிறது, எது வறண்டு கிடக்கிறது என்பதை அப்படம் கூறுமா? அவ்வாறே, வடிவத்தில் குறையில்லாத மூளையை உடையவரும் அடிக்கடி வலிப்பு வந்து விழுவதுண்டு.

நீரின் போக்கை அறிய அதில் சாயம் கலப்பது போன்றதொரு முறையை ஹெவிசி என்னும் அறிஞர் 1923-ஆம் ஆண்டில் அவரைச் செடியில் கையாண்டார். கதிரியக்கமுள்ள ஈயத்தை மிகச் சிறிதளவு நீரில் கலந்து, அது செடிக்குள் எங்கெங்குச் செல்கிறது என்பதைக் கதிர்களைக் கொண்டே கண்டார். அணு மருத்துவத்தின் வித்து இதுவே.

மூளைக்கு இன்று மிகுதியும் பயன்படும் பொருள்களுள் ஒன்று டெக்னீசியம். ஆறு மணி நேரத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். அதனைச் சேர்த்து வைக்க இயலாது. எனவே அதன் தாய்ப் பொருளாகிய மாலிப்டினத்தை ஈயக் கூட்டில் அடைத்து மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். வேண்டும்போது உப்பு நீரைச் செலுத்தினால் டெக்னீசியம் கரைந்து வெளிவரும். இக்கருவியைப் 'பசு' என்றும், இச்செயலைப் 'பால் கறத்தல்' என்றும் மருத்துவத் துறையினர் அழைப்பது சுவையான வழக்கு!

டெக்னீசியம் சேர்ந்த மருந்து குருதியோடு மூளையை அடைந்து, ஓரிரு நிமிடங்களில் அங்கேயே தங்கிவிடுகிறது. இப்பண்பே வலிப்பு நோயாளிக்கு வாழ்வளிப்பது. துடிக்கும் ஒருவரைப் படம் பிடித்தல் ஆகுமா? ஆகவே வலிப்பு தொடங்கியவுடன் மருந்தை ஊசிவழி செலுத்துவர். துடிப்பு அடங்கியபின் அமைதியாகப் படம் எடுப்பர். ஆயினும் படத்தில் தெரிவது வலிப்பு நேர்ந்தபோது இருந்த குருதியோட்டமே! நோயற்ற வேளையில் எடுத்த படத்தோடு அதனை ஒப்பிட்டால், வலிப்பின் பிறப்பிடம் புலனாகும். எப்பகுதியை அகற்றலாம் என்று அறுவை மருத்துவர் துணிவதற்கு இஃது உதவும்.

மற்றொரு முறை சர்க்கரையைப் பின்பற்றுவது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் நூற்றுக்கு இருபது பங்கைச் செலவிடுகிறது. கதிரியக்கப் புளோரின் சேர்ந்த சர்க்கரையை 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதல் மனிதருக்குச் செலுத்தினர். அல்சைமர் என்னும் மறதி நோயில், மூளையின் சில பகுதிகள் சர்க்கரையைக் குறைவாக ஏற்பதை இப்படம் காட்டும்.

ஆனால் இம்மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடங்களில் பாதியாகும். சென்னையிலிருந்து நான்கு மணி நேரம் பயணம் செய்து அது சிதம்பரத்தை அடையுமாயின், காற்பங்கினும் குறைவே எஞ்சும். மருந்து நோயாளியைத் தேடி நெடுந்தொலைவு வருவது அரிது. நோயாளியே மருந்தை நாடிச் செல்ல வேண்டும். சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் அணு மருத்துவத் துறை உள்ளது.

'அணு' என்றதும் அஞ்சுவோர் உண்டு. செலுத்தப்படும் அளவு சிறிது. அது விரைவில் தேய்ந்தும் சிறுநீரோடு வெளியேறியும் போகும். கருவுற்ற மகளிர் தம் நிலையை முன்னரே மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

படம் தானாக நோயின் பெயரைச் சொல்வதில்லை. வலிப்பு எந்தக் கையில் முதலில் தோன்றியது, அப்போது நோயாளி பேசினாரா என்று உடனிருந்த தாயையும் மருத்துவர் கேட்டறிந்து, அதன் பின்னரே படத்தை நோக்குவார்.